பேசாமப் பறிக்கணும்

நோர்வூட்
02.02.2025

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன், அம்மா நல்லா இருக்கு, மிது நல்லா இருக்கா, நீயும் நல்லா இருப்பேன்னு நெனைக்கிறேன். சுகம் விசாரிச்சாச்சு. இனி விசயத்துக்கு வாறேன்.

இந்தக் காலத்துல கடுதாசியான்னு சிரிப்ப. சிரி. போன் அம்மா கையில இருக்கு. நீ வீடியோவுல வந்தா சிரிக்கிற, அம்மா சிரிக்குது, பின்னால நின்னு நானும் சிரிக்கிறேன். அஞ்சு நிமிசம் மூணு பேரும் பல்லக் காட்டிட்டு வைக்கிறோம். ஒருத்தரும் ஒன்னும் பேசல. ரெண்டு வருசம் இப்பிடியே போச்சு. எனக்கு அலுத்துப்போச்சு.

அதனால ரெண்டு சட்டம். கடுதாசில எழுதினத போன்ல பேசக்கூடாது. கடுதாசில பொய் எழுதக்கூடாது.

பதில லயத்து வீட்டு அட்ரசுக்குப் போடாத. தோட்டத்து ஆபீசுக்கு வந்தா மூணு பேரு படிச்ச பொறகுதான் நம்ம கைக்கு வரும். டவுன்ல முனீரா ராத்தா கடை அட்ரசுக்குப் போடு. கேட்டுட்டேன். "தாராளமா வரச் சொல்லு புள்ள, ஆனா பின்லாந்து முத்திரைய எனக்குத் தரணும்"னாங்க. அவங்க மகன் அஸ்லம் முத்திரை சேக்கிறான்.

ஏ.எல். படிப்ப ஏன் விட்டேன்னு ஒவ்வொரு தடவையும் கேக்கிற. புடிக்கல, விட்டேன். பொறகு ஹட்டன்ல துணிக்கடைக்குப் போனேன், பதினெட்டு நாள். மொதலாளி "ஏய்"னு கூப்பிட்டாரு. நானும் "ஏய்"ன்னேன். இப்ப வீட்டுல இருக்கேன். அவ்வளவுதான்.

மிதுவுக்குப் பல்லு பூரா சொத்தை. தோசையக் கண்டா பிசாசக் கண்ட மாதிரி ஓடுறா.

குளுருக்குக் காதக் கட்டிக்க.

பிரேமி

•

தம்பரே, பின்லாந்து
24.02.2025

அன்புள்ள பிரேமிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். உங்கள் மூவரின் சுகமும் கேட்டதில் நிம்மதி.

உன் கடிதம் வந்த அன்று பனி முழங்கால் வரை. முதியோர் இல்லத்தில் என் பிரிவில் பதினான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, படுக்க வைத்துவிட்டு அறைக்கு வந்தால், பேச ஆளில்லை. உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை சத்தமாகப் படித்தேன்.

சட்டம் இரண்டும் சம்மதம். அப்படியென்றால் நான் முதலில் உண்மை சொல்கிறேன். நீ படிப்பை விட்டதில் எனக்குக் கோபம். நம் லயத்திலேயே கணக்கில் உன்னைப் போல் ஒருத்தி இல்லை. லோஜன் என்னையும் மிதுவையும் விட்டுப் போனபிறகு, எட்டு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று ஊரே பேசிய நேரத்தில், "நீ போ அக்கா, நாங்க பார்த்துக்கிறோம்" என்றவள் நீ. அந்தப் பிரேமி "புடிக்கல" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் நான் நம்புவேனா?

மிது என்னைக் கேட்கிறாளா? இதையும் உண்மையாக எழுது.

முத்திரையை அஸ்லமுக்குக் கொடு. அம்மாவின் கால் வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
சர்மிளா அக்கா

•

நோர்வூட்
16.03.2025

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். தைலம் வந்துச்சு. அம்மா பூசிட்டு "ஆஸ்பத்திரி வாடை அடிக்குது"ங்குது, ஆனா தெனமும் பூசுது.

நீ என்ன பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி எழுதுற? பேசுற மாதிரி எழுதேன்.

மிது கேக்கிறாளான்னு கேட்ட. சுவத்துல இருக்கிற ஒன் போட்டோவக் காட்டி, "இது யாரு?"ன்னு கேட்டா, "பின்லாந்து"ங்கிறா. ஒன் பேரே பின்லாந்துன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கா. போன் அடிச்சா, "பின்லாந்து பேசுது, பின்லாந்து பேசுது"ன்னு லயம் பூரா ஓடுறா. உண்மைய எழுதச் சொன்ன, எழுதிட்டேன். அழாத.

மத்தபடி அவ ராணி. நேத்து பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேரு குடுக்க ஆளுங்க வரிசையில நிக்கிறப்ப நடுவுல போய் நின்னு, "எனக்கும் பேரு போடுங்க"ன்னு கண்டாக்கையாகிட்ட கேட்டிருக்கா. அவரு, "எத்தன கிலோ எடுப்ப?"ன்னாரு. "நாலு இலை"ன்னா. பாட்டியோட சேந்து தேயிலைக் கொழுந்து எடுக்கப் போறாளாம்.

என்னப் பத்தி எழுத ஒன்னும் இல்ல.

பிரேமி

•

தம்பரே
06.04.2025

அன்புள்ள பிரேமிக்கு,

நலம். அங்கு எல்லோரும் நலம்தானே. அம்மா மழைக்கு முன்னால் கூரைத் தகரத்தை மாற்றவேண்டும் என்றார்கள், மாற்றியாயிற்றா?

"பின்லாந்து" என்று அவள் சொன்னதைப் படித்து நான் அழவில்லை. பொய். அழுதேன். ஆனால் அன்றைக்கே ஒரு முடிவுக்கும் வந்தேன்.

மிதுவை இங்கே கூட்டிக்கொள்ளப் போகிறேன். என் வேலை நிரந்தரமாகிவிட்டது. பிள்ளைக்கு விசா கேட்கலாம் என்றார்கள். இல்லத்துக்குப் பக்கத்திலேயே பகல் நேரப் பிள்ளைகள் பள்ளி இருக்கிறது. அவளுடைய பிறப்புப் பத்திரம் ஜூலை முடிவதற்குள் என் கைக்கு வரவேண்டும். அம்மாவின் பிஸ்கட் டின்னில் இருக்கும். எடுத்து, பதிவுத் தபாலில் போடு.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தாங்கமாட்டார்கள். பத்திரம் வந்து, காரியம் உறுதியானதும் நானே சொல்கிறேன். அதுவரை உன்னோடு இருக்கட்டும்.

உனக்கும் வசதிதான். வீட்டில் கட்டுண்டு கிடக்க வேண்டாம், படிக்கலாம், எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

உடனே பதில் போடு.

அன்புடன்,
அக்கா

•

தம்பரே
11.05.2025

அன்புள்ள பிரேமிக்கு,

உன் சுகம் எப்படி? ஐந்து வாரமாகப் பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா என்று போனில் கேட்கக் கூடாது, உன் சட்டம். நேற்று "பிரேமி எங்கேம்மா?" என்று கேட்டேன். "இப்பத்தான் இருந்தா, நீ எடுத்ததும் வெளியில போயிட்டா" என்றார்கள். மூன்று தடவை இப்படி.

பத்திரத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. வேறொன்று எழுதுகிறேன்.

ஜூன் இருபத்தொன்று இங்கே பெரிய நாள். வருடத்தில் பகல் நீண்ட நாள். பதினொரு மணி தாண்டித்தான் சூரியன் இறங்கும், அப்போதும் முழுதாக இருட்டாது. ஊரே காலியாகிவிடும். எல்லோரும் ஏரிக்கரைக்கும் காட்டுக்கும் போய்விடுவார்கள். வாசலில் இரண்டு பக்கமும் மரக்கிளை நட்டு வைப்பார்கள். சிலர் ஒன்றுமே செய்யாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போன வருடம் எல்லோரும் லீவு கேட்டதால் நான் மட்டும் வேலைக்கு நின்றேன். ஜன்னலால் அந்த வெளிச்சத்தைப் பார்க்கப் பார்க்க, இது எனக்கு இல்லாத வெளிச்சம் என்று தோன்றியது. இந்த வருடம் லீவு எடுத்திருக்கிறேன்.

இங்கே பெண்பிள்ளைகள் அன்றைக்கு ஏழு வகைப் பூப் பறிப்பார்கள். பறித்து முடியும் வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தால், மனதில் இருக்கிறவர்கள் கனவில் வருவார்களாம். கலியாணத்துக்கு நிற்கிறவர்களுக்குச் சொன்னது. நான் எனக்கு எடுத்துக்கொள்கிறேன்.

நீயும் மிதுவும் அன்றைக்கு அங்கே பறியுங்களேன். ஒரே நாளில் நானும் இங்கே பறிப்பேன். வேறு ஒன்றும் வேண்டாம்.

அக்கா

•

நோர்வூட்
01.06.2025

அக்காவுக்கு,

சுகம். அம்மாவுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது. தகரம் மாத்தல.

ரெண்டு கடுதாசியும் வந்துச்சு.

இங்க மழை புடிச்சு பத்து நாளாச்சு. உடுப்பு காயல, வெறகு காயல, ஒன்னும் காயல. சூரியன் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியல. ஏழு பூ கேக்கிற, ஏழு அட்டை வேணும்னா காலுல இருந்து எடுத்துத் தாறேன்.

சரி, போறோம்.

பிரேமி

•

தம்பரே
21.06.2025

அன்புள்ள பிரேமிக்கு,

நலம். உங்கள் நலம் கேட்டு எழுதுகிறேன். இதை ஏரிக்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டேன். ஏழு பூவும் பறித்தாயிற்று. ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது. பேசாமல் பறிப்பதில் எனக்குக் கஷ்டமே இல்லை. இரண்டு வருடமாக அதுதானே பழக்கம்.

பையில் ஒரு படிவம் வைத்திருந்தேன். மிதுவைச் சேர்க்கப்போகிற பள்ளியில் தந்தது. இன்றைக்கு ஆறுதலாக நிரப்பலாம் என்று கொண்டுவந்தேன். பெயர், பிறந்த திகதி எழுதினேன். பிறகு கேள்விகள். பிள்ளைக்குப் பிடித்த சாப்பாடு என்ன? எப்படித் தூங்கும்? எந்த நோய் வந்திருக்கிறது? எதற்கு அழும்? பயந்தால் யாரைக் கூப்பிடும்?

பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன், பிரேமி. பக்கத்தில் ஒரு குடும்பம் வந்து, தண்ணீரில் இறங்கி, சாப்பிட்டு, கிளம்பியும் போய்விட்டது. ஒரு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. பதினான்கு கிழவர் கிழவிகளைப் பற்றி இதே கேள்விகளைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். என் பிள்ளையைப் பற்றித் தெரியாது.

நீ ஏன் பதில் போடவில்லை என்று இங்கே உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. எனக்கு வேண்டும் என்று மட்டும் எழுதினேன். "உனக்கும் வசதிதான்" என்று வேறு எழுதினேன். அந்த வரியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பத்திரம் அனுப்பாதே. மிது உன்னிடமே இருக்கட்டும். அவளுக்குப் பழகிய கையை விட்டு இழுத்து வர எனக்கு உரிமை இல்லை.

இங்கே இன்னும் நல்ல வெளிச்சம்.

அக்கா

•

நோர்வூட்
24.06.2025

அக்காவுக்கு,

மொதல்ல சுகம். மூணு பேரும் சுகம்தான். அத நம்பிட்டு மிச்சத்தப் படி.

சனிக்கெழமை அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போனதும் நாங்க ரெண்டு பேரும் கெளம்பினோம். மழை தூறல். காலு பூரா சவுக்காரம் பூசிக்கிட்டோம், அட்டைக்கு. "பேசாமப் பறிக்கணும். பேசினா மொதல்ல இருந்து"ன்னு மிதுவுக்குச் சொன்னேன். "சரி"ன்னா. "இப்பவே பேசிட்டியே"ன்னேன். "நீயும் பேசிட்டே"ன்னா. ஆரம்பமே அப்பிடி.

தண்ணி ஓடுற கானுக்குப் பக்கத்துல நாயுண்ணிப் பூ. அம்மாவோட தோட்டத்துல பூசணிப் பூ. கிளாக்கரையா வேலியில டேலியா, அது களவு. டேலியாவப் பாத்ததும், "ஐ, பெருசு!"ன்னு கத்திட்டா. திரும்ப மொதல்ல இருந்து. அட்டை கடிச்சதுக்கு ஒருக்கா கத்தினா. மூணாம் தடவை வாய ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டா. பூவ யாரு பறிக்கிறது? நான்தான்.

ஆறு பூ சேந்துச்சு. ஏழாவது தேயிலைப் பூன்னு நெனைச்சேன். ஒனக்குத் தெரியும், கொழுந்து எடுக்கிற செடியப் பூக்க விடமாட்டாங்க. எடுக்க ஆளில்லாம காடா விட்ட மலையிலதான் பூ இருக்கும். மேல ஏறினோம். செடியெல்லாம் மரமாட்டம் நிக்குது. உச்சியில வெள்ளப் பூவு. மிதுவ ஒரு கல்லுல உக்கார வச்சு, சைகையில "இரு"ன்னு காட்டிட்டு, நாலு வரிசை உள்ள போனேன். அந்நேரம் பாத்து மிஸ்ட் எறங்கிருச்சு. என் கையே எனக்குத் தெரியல.

அவ, "அம்மா!"ன்னு கத்தினா.

"இந்தா வந்துட்டேன்"னு நான் ஓடினேன். விழுந்து, முட்டியத் தேச்சிக்கிட்டு ஓடி அவளத் தூக்கிட்டேன். தூக்கின பொறகுதான் ஒறைச்சுச்சு. அம்மான்னு கத்தினதுக்கு ஓடினது நான். யோசிக்கவே இல்ல.

அக்கா, ஒரு வருசமா அவ என்ன அப்பிடித்தான் கூப்பிடுறா. நீ வீடியோவுல வாறப்ப மட்டும் அவ பேச்ச வேற பக்கம் திருப்பிவிடுவேன், முடியாட்டி நான் வெளியில போயிருவேன். சட்டம் போட்டவ நான். பொய் சொல்லல, ஆனா சொல்லாம விட்டேன். ரெண்டும் ஒன்னுதான்.

இன்னொன்னு. படிப்பு புடிக்கலன்னு எழுதினது பொய். போன ஜூலையில அவளுக்கு இளைப்பு வந்துச்சு. மூச்சு இழுத்து ஒதடு நீலமாப் போச்சு. ஆஸ்பத்திரியில ஆறு நாள். பொறகு, தோட்டத்துப் புள்ளைங்களப் பாத்துக்கிற புள்ளக் காம்பராவுல, "மூச்சு இழுக்கிற புள்ளைய நாங்க பகல் பூரா வச்சிருக்க மாட்டோம், பயமா இருக்கு"ன்னுட்டாங்க. அம்மா மலைக்குப் போகணும். நான் இருந்தேன். மூணு மாசம் பள்ளிக்கூடம் போகல, பொறகு போக வெக்கம். டிசம்பர்ல கொஞ்சம் தேறினான்னுதான் துணிக்கடைக்குப் போனேன். பதினெட்டாவது நாள் திரும்ப இளைப்பு. மொதலாளி "ஏய்"ன்னது நெசம், நான் "ஏய்"ன்னதும் நெசம். வேலைய விட்டது அதுக்கில்ல. ஒனக்குச் சொல்ல வேணாம்னு அம்மாதான் சத்தியம் வாங்குச்சு. தனியா இருக்கிற பொண்ணு ஒடஞ்சு போயிருவான்னு.

மலையில அந்தக் கல்லுலயே அவள மடியில வச்சு உக்காந்திருந்தேன். மிஸ்ட் கொஞ்சம் வெலகி, பத்து நிமிசம் சூரியன் வந்துச்சு. ஒரு மாசத்துக்கு அப்பறம். எதுத்த மலையெல்லாம் ஈரத்துல மின்னுச்சு. எந்த வேலையும் இல்லாம நான் ஒரு எடத்துல உக்காந்து பாத்தது எப்பன்னு ஞாபகமே இல்ல.

"சூரியன் திரும்ப எங்க போகும்?"ன்னா.

"பின்லாந்துக்கு. அது ஒரு ஊரு. ஆளு பேரு இல்ல. அங்க ஒன் அம்மா இருக்கா. போட்டோவுல இருக்கிறது அவதான்."

"அப்ப நீ?"

"நான் சித்தி."

என் எடது காதப் புடிச்சுக்கிட்டா. "சரி. பசிக்குது"ன்னா.

பத்திரத்தப் பத்தி. ஒன் ஏப்ரல் கடுதாசி வந்த அன்னைக்கே டின்னத் தொறந்து பாத்தேன். பத்திரமா இருக்கட்டும்னு அம்மா அத லேமினேட் அடிச்சு வச்சிருக்கு. லேமினேட் பண்ணினது எங்கயும் செல்லாது. அதையே சாக்காச் சொல்லி ஒன்னய இழுத்தடிச்சிருக்கலாம். அதுவும் மனசுல இருந்துச்சு, சொல்லிட்டேன். நேத்து கவர்மெண்டு கச்சேரிக்குப் போய், எனக்குத் தெரிஞ்ச கொஞ்சம் சிங்களத்துல ஆறு மணித்தியாலம் நின்னு, புதுக் கொப்பி எடுத்துட்டேன். இதோட இருக்கு. ஏழாவது பூவும் இதோட இருக்கு. காஞ்சு பழுப்பாத்தான் வரும். மத்த ஆறும் அவ தலகாணிக்குக் கீழ நசுங்கிப்போச்சு.

அம்மாகிட்ட சொல்லிட்டேன். நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருக்க முடியல. மறுநாள், "அங்க குளுருமே, அவளுக்குச் சுவெட்டர் பின்னணும்"னுச்சு.

பிரேமி

•

நோர்வூட்
13.07.2025

அக்காவுக்கு,

சுகம்தான். அம்மா பின்னுற சுவெட்டருக்குக் கை ரெண்டும் ரெண்டு அளவு.

"அனுப்பாத"ன்னு நீ ஏரிக்கரையில எழுதின கடுதாசி நேத்துத்தான் கைக்கு வந்துச்சு. ராத்தா கடை வாசல்லயே நின்னு படிச்சேன். "என்ன புள்ள, கெட்ட சேதியா?"ன்னாங்க. "இல்ல ராத்தா, எங்க ரெண்டு பேருக்கும் நேரம் சரியில்ல"ன்னேன். இந்நேரம் என் கடுதாசி ஒன் கையில இருக்கும். திருப்பி அனுப்பாத. அனுப்பினா நான் கச்சேரியில திரும்ப ஆறு மணித்தியாலம் நிக்கணும்.

ஒனக்கு உரிமை இல்லன்னு எழுதியிருக்க. பைத்தியம் மாதிரி எழுதாத. ஆனா ஆள் விட்டுக் கூட்டிட்டுப் போகாத. நீயே வா. ஒரு மாசம் லீவு எடுத்துட்டு டிசம்பர்ல வா. மழை விட்டுரும். அவ ஒன் கையால சாப்பிட்டு, ஒன் பக்கத்துல படுத்து, ஒங்கிட்ட ரெண்டு அடி வாங்கிப் பழகட்டும். பொறகு கூட்டிட்டுப் போ.

நான் படிக்கப் போறேனான்னு கேக்காத. யோசிச்சுக்கிட்டு இருக்கேன். கணக்குப் புஸ்தகத்தக் கரப்பான் தின்னுருச்சு, அஸ்லம் அவனோடத தாறேன்னான்.

ஒன் படிவத்துக்குப் பதில் எழுதுறேன், பாத்து நெரப்பு.

புடிச்ச சாப்பாடு: பாணுக்குச் சீனி போட்டுத் தேத்தண்ணியில தோச்சுக் குடுக்கணும். தோசை வேணாம். சோத்துல பருப்பு ஊத்தினா நடுவுல குழி வெட்டி ஊத்தணும், சுத்தி ஊத்தினா அழும்.

எப்பிடித் தூங்கும்: ஒன் காது மடலப் புடிச்சுக்கிட்டு. எடது காது. வலது காதக் குடுத்தா தூங்காது. எனக்கு அந்தப் பக்கம் தோடு போட முடியல ஒரு வருசமா.

நோய்: இளைப்பு. மருந்து பம்ப்ப பையில வச்சிரு, எங்க போனாலும். மூச்சு விசிலடிச்சா ரெண்டு தடவை அடிக்கணும். நிமிந்து உக்கார வை. நீ பயந்தா அதுவும் பயப்படும், அதனால பயப்படாத. பயந்தாலும் காட்டாத.

எதுக்கு அழும்: நாம சிரிச்சா. தன்னப் பாத்துச் சிரிக்கிறோம்னு நெனைச்சுக்கும்.

பயந்தா யாரக் கூப்பிடும்: "அம்மா"ன்னு கூப்பிடும். ஒடனே திரும்பு. டிசம்பர்ல நானும் பக்கத்துலதான் இருப்பேன், எனக்கும் கேக்கும். நான் திரும்பாம நிக்கிறதுக்கு இப்ப இருந்தே பழகிக்கிறேன்.

பிரேமி